ஸ்கிரைபஸ் 1.6: பள்ளிச் செய்தித்தாளை மாணவர்களே பக்கம் கட்ட ஏற்றதா?

சென்னைப் பள்ளிகளில் மாணவர் செய்தித்தாளுக்கு வழக்கமான பாதை ஒன்று உண்டு. பிள்ளைகள் எழுதுவார்கள், தமிழாசிரியர் திருத்துவார். அப்புறம் எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏறி, திருவல்லிக்கேணியிலோ ராயப்பேட்டையிலோ இருக்கும் டிடிபி சென்டருக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் எது வரும், எந்தப் படம் பெரிது, தலைப்பு ஒரு வரியா இரண்டு வரியா, இடம் போதாவிட்டால் எந்தப் பத்தியை எடுப்பது என்பதையெல்லாம் அங்கே கணினி முன் உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செய்தித்தாள் நடத்துவதில் பாதி வேலை இந்த முடிவுகள்தான். அதை மாணவர்கள் கையிலேயே வைத்திருக்க ஒரு மென்பொருள் வேண்டும். பள்ளி ஆய்வகக் கணினியில் ஓட வேண்டும், காசு கேட்கக் கூடாது, தமிழைச் சிதைக்கக் கூடாது. இப்போது கிடைப்பவற்றில் இதற்கெல்லாம் சரியாக ஈடுகொடுப்பது ஸ்கிரைபஸ் 1.6. பதிப்பு, ஃபாண்ட், கடைசியில் எடுக்கும் பிடிஎஃப் ஆகிய மூன்றையும் முதலிலேயே சரியாக அமைத்துக்கொண்டால் போதும், தைரியமாக இறங்கலாம்.

ஸ்கிரைபஸ் 2003 முதல் இருக்கும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். “அதில் தமிழ் வராது” என்று டிடிபி வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். 1.4 பதிப்பு வரை அது உண்மை. ‘கை’ என்று ஒட்டினால் ஐகாரக் குறி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் எழுத்துகளைச் சரியான வரிசையில் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைச் சேர்த்த பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்தது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6தான் அந்த வசதியோடு வெளியான முதல் நிலையான பதிப்பு. ஆகவே பழைய 1.4 ஆய்வகத்தில் எங்காவது கிடந்தால் எடுத்துவிடுங்கள். 1.6இல் சேமித்த கோப்பை 1.4 திறக்காது. பக்கம் கட்டும் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்.

அடுத்து ஃபாண்ட். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்றவற்றை இறக்கினால், ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய ‘வேரியபிள்’ ஃபாண்ட்தான் முதலில் கண்ணில் படும். ஸ்கிரைபஸ் அதைச் சரிவரக் கையாளாது. போல்ட் கேட்டாலும் சாதாரண எழுத்துதான் வரும். அதே ஜிப் கோப்புக்குள் ‘ஸ்டாட்டிக்’ என்ற தனி உறை (ஃபோல்டர்) இருக்கும், அதில் உள்ளவற்றைத்தான் நிறுவ வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஃபாண்டில் இல்லாத எழுத்தை வேறு ஃபாண்டிலிருந்து தானாக எடுத்துப் போடும் பழக்கம் ஸ்கிரைபஸுக்கு இல்லை. வேர்டும் பிரவுசரும் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இங்கே தமிழ் மட்டும் உள்ள ஃபாண்டைப் போட்டால், நடுவில் வரும் ஆங்கிலப் பெயர் வெறும் கட்டமாக நிற்கும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும் ஹிந்த் மதுரையையோ முக்தா மலரையோ எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. உடலுக்கு, அதாவது கட்டுரையின் உரைக்கு, ஹிந்த் மதுரை, தலைப்புக்கு முக்தா மலர் எக்ஸ்ட்ராபோல்ட் என்பது பள்ளித் தாளுக்கு அழகாகவே பொருந்தும். ஃபாண்டை நிறுவிய பிறகு ஸ்கிரைபஸை மூடித் திறந்தால்தான் அது பட்டியலில் வரும்.

பக்க அளவுக்கு வருவோம். பள்ளிக்கு எளிமையானது ஏ3 தாளை மடித்து ஏ4 அளவில் நான்கு பக்கம். சுற்றிலும் 15 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு 180 மி.மீ. அகலம் கிடைக்கும். இதை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்தால் செய்தித்தாள் போலத் தெரியும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். தமிழுக்கு அது வேண்டாம். 6 மி.மீ. இடைவெளி போக ஒவ்வொரு பத்தியும் 56 மி.மீ.தான். 10.5 புள்ளி (பாயிண்ட்) அளவில் ஒரு வரிக்குச் சுமார் 16 எழுத்து பிடிக்கும். ‘ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல்லுக்கு 18 எழுத்து! இருபுறமும் சமன் செய்யச் சொன்னால், வரிக்கு இரண்டு சொல் நின்று நடுவில் பெரிய ஓட்டை விழும். பக்கம் முழுக்க இந்த ஓட்டைகள் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளைக் கோடு போட்டது போல ஆகிவிடும்.

இரண்டு பத்தியாக வைத்தால் ஒவ்வொன்றும் 87 மி.மீ. வரிக்கு நான்கைந்து சொல் நிற்கும், ஓட்டைகள் பெரும்பாலும் மறையும். மிச்சத்துக்கு ஸ்கிரைபஸின் பாராகிராஃப் ஸ்டைலில் (எழுத்தின் அளவு, இடைவெளி போன்றவற்றை ஒரு பெயரில் சேமித்து வைப்பது) ‘கிளிஃப் எக்ஸ்டென்ஷன்’ என்ற அமைப்பு இருக்கிறது. எழுத்தை 98 முதல் 102 சதவீதம் வரை கண்ணுக்குத் தெரியாமல் சுருக்கவும் விரிக்கவும் அனுமதி கொடுக்கலாம். அதைத் தாண்ட விட்டால் எழுத்து இழுத்துக் கட்டியது போலத் தெரியும். அப்படியும் அடங்காத நீண்ட சொல்லில், உடைக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் வரி உடைந்தால் மட்டும் தெரியும் ‘சாஃப்ட் ஹைஃபன்’ கோட்டை நுழைக்கலாம். உடைந்த அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது என்ற பழைய அச்சுக்கோர்ப்பு விதி இங்கே அப்படியே செல்லும். தானியங்கிச் சொல்லுடைப்பை நம்பித் தமிழை விட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதையெல்லாம் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வார். கற்றுக்கொண்டால், கட்டுரையிலேயே ‘ஒருங்கிணைத்திருக்கிறார்கள்’ என்று செயப்பாட்டு வினையை விட்டு எழுதத் தொடங்குவார். பக்கம் கட்டுகிறவரே எழுதுகிறவராகவும் இருப்பதால் கிடைக்கும் லாபம் அது.

இந்த அளவில் படமோ தலைப்போ இல்லாத முழுப் பக்கம் ஒன்றுக்குச் சுமார் 400 சொல் பிடிக்கும். தலைப்பும் இரண்டு படமும் வைத்தால் 250 முதல் 300 வரைதான். நான்கு பக்கத்துக்கு ஆயிரம் சொல்தான் இடம் என்பதை ஆசிரியர் குழு முதல் கூட்டத்திலேயே பலகையில் எழுதிவிட வேண்டும். விளையாட்டு விழாவுக்கு மட்டும் 900 சொல்லில் கட்டுரை வந்து நிற்பதை அதுதான் தடுக்கும்.

வரி இடைவெளியை 14.5 புள்ளிக்கு வைத்து, வரிகள் உட்காரும் வழிகாட்டிக் கோடுகளான ‘பேஸ்லைன் கிரிட்’டிலும் அதே எண்ணைக் கொடுத்து, உடல் ஸ்டைலை அந்தக் கிரிட்டோடு கட்டிவிடுங்கள். தமிழில் மேலே ‘கி’, ‘கீ’ கொக்கிகளும் கீழே ‘து’, ‘ழு’ வால்களும் இருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான 12 புள்ளி இங்கே நெருக்கும். கிரிட் கட்டிய பிறகு பக்கத்துப் பக்கப் பத்திகளின் வரிகள் நேர்க்கோட்டில் நிற்கும். பள்ளித் தாளையும் பத்திரிகையையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு ஒழுங்குதான். ஸ்டைல்கள் ஆறு போதும்: உடல், முதல் பத்தி, தலைப்பு பெரிது, தலைப்பு சிறிது, எழுதியவர் பெயர், படக்குறிப்பு. ஏழாவது வேண்டும் என்று யாராவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கட்டுரையைக் கட்டும் முறை எளிது. எழுத்து ஃபிரேம் (உரை நிற்கும் பெட்டி) ஒன்றை வரைந்து, கூகுள் டாக்ஸிலிருந்து வெறும் உரையாக ஒட்டி, ஸ்டைலைப் போட வேண்டியதுதான். உரை அதிகமாகிவிட்டால் ஃபிரேமின் வலது கீழ் மூலையில் பெருக்கல் குறி போட்ட சிறு கட்டம் தோன்றும். அதைப் பார்த்தவுடன் எழுத்தைச் சிறிதாக்கக் கை போகும். போக விடாதீர்கள். ஒன்று கட்டுரையைக் குறைக்க வேண்டும், அல்லது ஃபிரேமை இன்னொரு பக்கத்து ஃபிரேமோடு இணைத்து மீதியை அங்கே ஓட விட வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு சொல் கூட்டினால் மூன்றாம் பக்கத்துத் தொடர்ச்சி தானாக நகரும். இந்த ஒரு வசதிக்காகவே கேன்வா என்ற இணைய வடிவமைப்புச் சேவையை விட்டு இங்கே வரலாம்.

கேன்வாவைச் சொன்னதால் அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பள்ளிகளுக்கு இலவசக் கல்விப் பதிப்பு இருக்கிறது, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஆண்டுவிழா போஸ்டருக்கும் அட்டைப் படத்துக்கும் அதைவிட வேகமானது இல்லை. ஆனால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உரை ஓடாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தொடர்ச்சியை வெட்டி ஒட்ட வேண்டும், அந்த வெட்டில் ஒரு வரி காணாமல் போவது சாதாரணம். அடோபியின் பக்கமைப்பு மென்பொருளான இன்டிசைன் இரண்டையும் விட நன்றாகவே பத்தி கட்டும். அதில் தமிழுக்கு ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் மாதச் சந்தா. ஒரு கணினிக்கு வாங்கினால் அந்த ஒரு நாற்காலியில் உட்காரும் ஒரு மாணவர்தான் பத்திரிகை நடத்துவார்.

ஸ்கிரைபஸின் பெரிய குறையும் அந்த வகைதான் என்பதை மறைக்கக் கூடாது. ஒரு கோப்பில் ஒருவர்தான் வேலை செய்யலாம். யார் எதைத் திருத்தினார் என்ற தடமும் கிடையாது. இதற்கு வழி, பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று நான்கு கோப்பாகப் பிரித்துக் கொடுத்து, கடைசியில் ‘பேஜ்’ மெனுவிலுள்ள ‘இம்போர்ட்’ மூலம் ஒன்றாகச் சேர்ப்பது. பிழைதிருத்தம் முழுவதும் கூகுள் டாக்ஸில் முடிந்த பிறகே உரை ஸ்கிரைபஸுக்குள் வர வேண்டும். அங்கே பார்க்க வேண்டிய தமிழ்ப் பிழை ஒன்று உண்டு. ‘கௌரவம்’ என்பதை அவசரத்தில் கெ, ள, ர என்று தனித்தனியாக ‘கெளரவம்’ என அடித்துவிடுவார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது, வரி உடைந்தால் ளகரம் தனியே அடுத்த வரிக்குப் போகும். ‘ஒளவையார்’ என்று வருவதும் இதே பிழைதான். ‘கெள’, ‘வெள’, ‘ஒள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றினால் ‘வெள்ளி’யும் ‘ஒளி’யும் சேர்ந்து கெட்டுவிடும்.

படங்களில் இரண்டு விஷயம். ஸ்கிரைபஸ் படத்தை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, எங்கே இருக்கிறது என்ற பாதையை மட்டும் குறித்துக்கொள்கிறது. கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால் அடுத்த கணினியில் எல்லாப் படமும் காலி. ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ கொடுத்து, ஃபாண்டையும் சேர்க்கும் தேர்வைப் போட்டால் கோப்பு, படம், ஃபாண்ட் மூன்றையும் ஒரே உறையில் சேர்த்துத் தரும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 87 மி.மீ. பத்திக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் போதும் என்பதால் முழுப் படமாகப் போட்டால் தப்பிக்கும். பரிசு வாங்கும் பிள்ளையின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கட்டம் கட்டமாகிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படத்தைச் சுற்றி எழுத்து ஓடவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள்: படத்தின் ஃபிரேமுக்கு ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ அமைப்பு போட்டிருக்க வேண்டும், அந்த ஃபிரேம் எழுத்து ஃபிரேமுக்கு மேல் அடுக்கில் இருக்க வேண்டும்.

இனி அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப். பக்கத்தை வேர்டில் கொடுத்தால் கடையில் நடப்பது இது: நீங்கள் அடித்தது யூனிகோட் என்ற இன்றைய பொதுக் குறியாக்கம். பல டிடிபி சென்டர்களில் ஓடுவது 2001இல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கமைப்பு மென்பொருள், அதற்கு யூனிகோட் தெரியாது. எனவே கன்வெர்ட்டர் வழியாகப் பாமினி போன்ற பழைய குறியாக்கத்துக்கு மாற்றுவார்கள். பாமினியில் ஆங்கில விசைகளின் மேல்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. உரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘பஸ்’ என்று ஒரு சொல் இருந்தால், அது ‘டிரள’ என்று அச்சாகும். மேற்கோள் குறிகளும் இப்படித்தான் காணாமல் போகும். மூன்று முறை ப்ரூஃப் பார்த்தும் பள்ளித் தாளில் புரியாத சொற்கள் வருவதற்குப் பெரும்பாலும் மாணவர்கள் காரணமில்லை, இந்த மாற்றம்தான்.

முடிந்த பிடிஎஃப் கொடுத்தால் அந்தப் படியே கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: சில கடைகளில் பிடிஎஃப்பைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்துதான் பக்கம் சேர்ப்பார்கள், அங்கே உயிரோடு இருக்கும் தமிழ் எழுத்து மறுபடி சிதறலாம். ஸ்கிரைபஸின் பிடிஎஃப் சாளரத்தில் ஃபாண்ட் பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் ‘அவுட்லைன்’ ஆக்கிவிடுங்கள், எழுத்து வெறும் வடிவக் கோடாகிவிடும். கடை மொழியில் சொன்னால், கர்வ் போட்டு அனுப்புகிறீர்கள். அப்படி எடுத்ததில் சொல் தேட முடியாது. எனவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் பள்ளி ஆவணத்துக்கும் ஃபாண்டை உட்பொதித்த இன்னொரு பிடிஎஃப் தனியாக எடுங்கள். ஒரே நிறத்தில் அச்சிடுவதானால் வெளியீட்டை ‘கிரேஸ்கேல்’ என்று வையுங்கள். நிறத்தில் அச்சிடுவதானால் எழுத்து ஸ்கிரைபஸின் இயல்பான ‘பிளாக்’கில் இருக்கட்டும், அது கறுப்பு மையில் மட்டும் விழும். திரைக் கறுப்பு நான்கு மையாகப் பிரிந்து, பிளேட் (அச்சுத் தகடு) ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். பிடிஎஃப் கொடுக்கும் முன் ‘பிரிஃப்ளைட் வெரிஃபையர்’ தானாக எழுந்து, வழிந்த உரை, இல்லாத எழுத்து, தரம் குறைந்த படம் எல்லாவற்றையும் பட்டியல் போடும். ‘இக்னோர் எரர்ஸ்’ பொத்தானை மாணவர்கள் தொடவே கூடாது என்று விதி வைத்தாலும் தகும்.

பக்கங்களை அச்சு வரிசைக்கு, அதாவது 4-1, 2-3 என்று, சேர்த்துத் தரும் வசதி ஸ்கிரைபஸில் இல்லை. இது உண்மையான குறை. அக்ரோபேட் ரீடரின் ‘புக்லெட்’ அச்சு இதைச் செய்யும். கடையில் செய்துகொள்வதாகச் சொன்னால் விட்டுவிடலாம். எதுவானாலும் ஒரு ஏ4 தாளை மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண் எழுதிய டம்மி ஒன்றைக் கோப்போடு கொடுங்கள்.

எதில் அச்சிடுவது என்பது பிரதி எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐம்பதுக்குள் என்றால் லேசர் ஜெராக்ஸ் போதும். 300 பிரதி ஒரே நிறம் என்றால் ஸ்டென்சில் வழியாக மை ஓட்டும் ரைசோ நகல் இயந்திரமே சிறந்தது. ஏ3 தாளின் ஒரு முகத்துக்கு ஒரு மாஸ்டர் (ஸ்டென்சில்), இரண்டு மாஸ்டரில் நான்கு பக்கமும் முடியும். வீணாவதற்குச் சேர்த்து 315 ஏ3 தாள், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சில்லாத தாள்). ரைசோ மை காற்றில் காய்வதைவிடத் தாளுக்குள் இறங்கித்தான் காய்கிறது. எனவே ஆர்ட் பேப்பர் கூடவே கூடாது, விரலில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளே ஈரம் குடித்திருக்கும். முதல் பக்கம் ஓட்டியதும் உடனே திருப்பிப் போடாமல் சற்று ஆற விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உருளையில் மை படிந்து மறுபக்கத்தில் பேய் எழுத்து விழும். படமும் எழுத்தும் கலந்த பக்கத்துக்கு ‘டூவோ’ முறை. ஆயிரத்தைத் தாண்டினால், அல்லது நிறம் வேண்டுமென்றால், மினி ஆஃப்செட். அங்கே ஆயிரம் இம்ப்ரெஷன் (இயந்திரத்தில் தாள் ஒருமுறை ஓடுவது ஒரு இம்ப்ரெஷன்) கணக்கில்தான் கூலி போடுவார்கள், 200 அடித்தாலும் ஆயிரத்துக்கான பணம்தான். நிறத்துக்கு நான்கு மை, மைக்கு ஒரு பிளேட் என்பதால், தாளின் இரு முகத்துக்கும் சேர்த்து எல்லாப் பக்கமும் நிறம் என்றால் 8 பிளேட். வெளிப்பக்கம் மட்டும் நிறம், உள்ளே கறுப்பு என்றால் 5. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் நிறத்தில் வந்தாலே பிள்ளைகளுக்குச் சந்தோஷம், செலவும் கட்டுக்குள் நிற்கும்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ரீம் கணக்கில் தாளை நீங்களே வாங்கிக் கொடுத்தால், அச்சுக் கூலி எவ்வளவு, தாள் எவ்வளவு என்று பில் தெளிவாகப் பிரியும். ஆசிரியருக்குக் கணக்கு காட்ட அது உதவும். நவம்பர், டிசம்பரில் டைரி, காலண்டர் வேலை குவிவதால் சின்ன வேலை பின்னுக்குப் போகும். அப்போதுதான் அரையாண்டுத் தேர்வும் வருகிறது. அதனால் காலாண்டுக்கு முன் ஒன்று, அக்டோபரில் ஒன்று, பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் ஒன்று என்று மூன்று இதழ் வைத்துக்கொண்டால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பொதுத்தேர்வுக்கும் இடைஞ்சல் இல்லை.

பிளேட்டுக்குக் கொடுக்கும் முன், ஏ3 தாளில் உண்மையான அளவில் ஒரு ப்ரூஃப் எடுத்து, பக்கம் கட்டாத இரண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தலைப்பும் படக்குறிப்பும் பெயர்களும் மட்டும், இன்னொருவர் தொடர்ச்சி வரிகள் மட்டும். பெயர்ப் பிழைதான் ஒரு பள்ளியில் மன்னிக்கப்படாத பிழை. வகுப்புப் பதிவேட்டில் உள்ள எழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு ஸ்கிரைபஸ் வேண்டாம் என்றால், வருடத்துக்கு ஒரே ஒரு ஆண்டு மலர் மட்டும் போடும் பள்ளிக்கு. அதற்காகக் கற்றுக்கொள்ளும் நேரத்துக்குப் பலன் கிடைக்காது, நல்ல டிடிபி ஆள் போதும். வருடத்துக்கு இரண்டு இதழுக்கு மேல் என்றால் முதல் இதழ் சிரமமாக இருக்கும். இரண்டாவதிலேயே ஸ்டைல்களும் மாஸ்டர் பேஜும் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அமைப்பு) தயாராக இருப்பதால் வேலை பாதியாகும். ஆண்டு முடிவில் காலி வார்ப்புருக் கோப்பு, ஃபாண்ட் உறை, ஒவ்வொரு இதழின் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ உறை, இரண்டு வகைப் பிடிஎஃப் எல்லாவற்றையும் பள்ளியின் கணக்கில் இருக்கும் டிரைவில் வையுங்கள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் சொந்தக் கணக்கில் அல்ல. ஜூனில் புதுக் குழு அந்த வார்ப்புருவைத் திறந்து தேதியையும் இதழ் எண்ணையும் மாற்றினாலே முதல் பக்கத்தைக் கட்டத் தொடங்கிவிடலாம்.